ஆள் வராத கடைக்கு அத்தாட்சி

தொலைபேசி அலறியது.

"முதலாளி, அசையாம நில்லுங்க. வெளிய மட்டும் எட்டிப் பாக்காதீங்க!"

எதிர்ப்பக்கத் தேத்தண்ணிக் கடை நிரோஷனின் குரல். லெட்சுமணன் உடனே வெளியே எட்டிப் பார்த்தார்.

"பாக்காதீங்கன்னேன்ல! அந்தக் கண்டிக்காரரு வந்துட்டாரு. தொப்பி, கறுப்புக் கண்ணாடி. ப்ளேன்டீ மேல ப்ளேன்டீயா குடிக்கிறாரு. உங்க வாசல விட்டு கண்ணெடுக்கல!"

ஹட்டன் நகரமே பனிமூட்டத்தில் முங்கிக் கிடக்கும் நேரத்தில் கறுப்புக் கண்ணாடி போட்டு ஒருவர் உளவு பார்க்கிறார் என்றால் அது சுதாகரனாகத்தான் இருக்க வேண்டும்.

லெட்சுமணனின் இந்த மாடிக் கட்டடத்தை விலைக்குக் கேட்டிருந்த சுதாகரன் விட்டுவைத்த சோதனை எதுவும் இல்லை. வக்கீல் காணிப் பதிவுக் கந்தோரில் உட்கார்ந்து பழைய உறுதிப் பத்திரங்களையெல்லாம் புரட்டினார். அளவையாளர் சங்கிலி பிடித்தார். எஞ்சினியர் ஒருவர் சுத்தியலோடு வந்து, வைத்தியர் நெஞ்சைத் தட்டுவது போலச் சுவரைத் தட்டித் தட்டிக் காது வைத்துக் கேட்டார். எல்லாம் சரி. கடைசியில் சுதாகரன் ஒரு குண்டைப் போட்டார். "சொல்லாம கொள்ளாம ஒரு நாள் வந்து, கடைக்கு எப்படி ஆள் வருதுன்னு பாப்பேன். அதுக்குப் பொறகுதான் முடிவு."

இன்று வந்துவிட்டார். அதுவும் செவ்வாய்க்கிழமை! தோட்டத்துச் சம்பள நாளில் பஸாரே பிதுங்கும். மற்ற நாட்களில் லெட்சுமணனின் புடவைக்கடைக்குள் குளிர்தான் வரும், போகும்.

விற்றே ஆக வேண்டும். மனைவி இந்திராதேவி இந்தக் குளிருக்கு மூச்சிழுப்பு தாங்காமல் வத்தளையில் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். "கடைய வித்துட்டு வந்தா மனுசன். இல்லாட்டி அந்தப் பொம்மையோடயே குடும்பம் நடத்துங்க" என்பது அவளுடைய கடைசி வார்த்தை. கண்ணாடிக்குள் சேலை கட்டி நின்ற அந்தப் பொம்மைக்குச் சமைக்கத் தெரியாது. லெட்சுமணனுக்கும் தெரியாது. தினமும் பருப்பு தீய்ந்தது.

மைத்துனன் வீரய்யாவுக்கு அழைப்புப் பறந்தது. டிக்கோயாவில் பஸ் வைத்திருப்பவன்.

"மச்சான், எனக்கு உடனே கூட்டம் வேணும்!"

"கூட்டமா? இப்ப என் பஸ்ஸுலயே ஒரு காதுகுத்துக் கூட்டம் இருக்கு. பொகவந்தலாவைக்குப் போறோம்."

"அப்பிடியே திருப்பு. சும்மா உள்ள வரணும், பையத் தூக்கிட்டு வெளிய போகணும், மறுபடி வரணும். அவ்வளவுதான்."

பஸ் வந்தது. கதவு திறந்தது. அடுத்த நொடி கடைக்குள் ஆள் மேல் ஆள். தப்பு மேளம் அடிப்பவர்கள்கூட உள்ளே வந்து ஒரு தட்டுத் தட்டினார்கள். திட்டப்படி சும்மா வந்து சும்மா போயிருந்தால் பிரச்சினை இல்லை. ஆனால் தாய்மாமன் அழகன் குழந்தைக்கு எடுத்துவந்த சீர்ச் சட்டையைக் குழந்தையின் அப்பா வீட்டார் பஸ்ஸிலேயே குறை சொல்லிக்கொண்டு வந்திருந்தார்கள். புடவைக்கடையைக் கண்டதும் சண்டை மீண்டும் பற்றிக்கொண்டது.

"தாய்மாமன் சீரா இது? தலையணைக்கு உறை மாதிரி இருக்கு!"

"இப்பவே பட்டுல எடுக்கிறேன். யாரு தடுக்கிறீங்க பாப்போம்!"

சும்மா வந்த கூட்டம் நிஜமாகவே பேரம் பேசியது. லெட்சுமணன் பூரித்துப்போய் நின்றபோது, கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒரு தொப்பி உள்ளே வந்தது. தொப்பிக்குக் கீழே சுதாகரனின் முகம் செத்துப்போயிருந்தது.

"முதலாளி, மன்னிச்சுக்குங்க. எனக்கு இந்தக் கட்டடம் சரிவராது."

"என்ன சொல்றீங்க! கூட்டத்தப் பாத்தீங்களா?"

"அதான் பிரச்சினையே! நான் வைக்கப்போறது மலர்ச்சாலைங்க. மேல பிரேதம் பதப்படுத்துற எடம், கீழ சவப்பொட்டி. முன்னாடியே சொன்னா யாரும் விக்கமாட்டாங்கன்னு வாய மூடிக்கிட்டு இருந்தேன். அழுதுகிட்டு வர்ற சனத்துக்கு அமைதி வேணும். இந்தத் தள்ளுமுள்ளுக்குள்ள பொட்டியத் தூக்கிட்டு எப்பிடிப் போறது?"

லெட்சுமணனின் காதுக்குள் தப்பு அடித்தது. உண்மையிலும் அடித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

"ஐயா, இது பொய்க் கூட்டம்! நான்தான் கூப்பிட்டேன். என் கடைக்கு ஒரு ஈ காக்கா வராது. சத்தியமா!"

"இதெல்லாம் விக்கிறதுக்காகச் சொல்றது" என்றார் சுதாகரன்.

பக்கத்துப் புடவைக்கடைப் பொன்னையா சாட்சி சொல்ல ஓடி வந்தார். இத்தனை வருடப் போட்டிக்காரர், வாயெல்லாம் பல். "நான் சொல்றேன் கேளுங்க. இவர் கடைக்கு யாரும் வரமாட்டாங்க. ரசனையே இல்லாத மனுசன். எதெது சாயம் போகுமோ அதையெல்லாம் தேடிப் பிடிச்சு வாங்கி வைப்பாரு."

"ஆமா, ஆமா" என்று லெட்சுமணன் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினார்.

ஒருவழியாக அழகன் பட்டுச்சட்டையோடு வெற்றிநடை போட, பஸ் கிளம்பிப் போனது. சுதாகரன் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சாயந்தரம் வரைக்கும் இருக்கேன். நீங்க சொன்னது மெய்யான்னு பாத்துருவோம்."

வாசலில் கேட்ட ஒவ்வொரு காலடிக்கும் லெட்சுமணன் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார். குடை ஒன்று வந்தது. நல்லவேளை, கடந்து போனது. நாய் ஒன்று உள்ளே பார்த்தது, அதற்கும் பிடிக்கவில்லை.

பிறகு ஒரு பெண்மணி விறுவிறுவென்று படியேறினாள்.

"டயகமவுல இருந்து வர்றேன். பேரு சண்முகவடிவு. மகளுக்குக் கல்யாணம். சொந்தக்காரங்க எல்லாருக்கும் சேல எடுக்கணும்."

வாழ்நாள் முழுக்க அவர் காத்திருந்த வாடிக்கையாளர். லெட்சுமணனின் கை தன்னிச்சையாக அலமாரியை நோக்கி நீண்டது. மறு கையால் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டார்.

"சேல இல்லங்க."

"அலமாரி நெறையா இருக்கே?"

"அதெல்லாம் சாயம் போகும்."

"அந்த நீலம்?"

"மொதல்ல போறதே அதுதான். பொன்னையா கடைக்குப் போங்க தாயி, நல்ல ரசனையான மனுசன்." அந்த வார்த்தையைச் சொல்ல அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

சண்முகவடிவு இடுப்பில் கை வைத்தாள். "வந்த சனத்த வெரட்டுற கடைய இப்பத்தான் பாக்குறேன்! எங்க தோட்டத்துல சொன்னாங்க, அந்தக் கடைப்பக்கம் ஒருத்தரும் போறதில்லன்னு. நான்தான் நம்பல!"

படபடவென்று இறங்கிப் போனாள்.

சுதாகரன் மெல்ல எழுந்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். கண்களில் ஒளி.

"டயகம வரைக்கும் தெரிஞ்சிருக்கு! இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும்? வர்ற வாரம் நொத்தாரிசுகிட்ட போய் உறுதி எழுதிருவோம்."

அவர் தலை மறைந்ததும் லெட்சுமணன் வத்தளைக்கு அழைத்தார்.

"இந்திரா! கடைய வித்தாச்சு!"

"நெசமாவா? என்னன்னு சொல்லி ஏமாத்துனீங்க?"

"ஏமாத்தலடி. உண்மையத்தான் சொன்னேன். கடைக்கு ஒருத்தரும் வரமாட்டாங்கன்னு."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு.

"அதத்தானேங்க கல்யாணம் முடிச்ச நாள்லேருந்து நான் சொல்லிக்கிட்டு இருக்கேன்! சரி, சரி. உடுப்ப மடிச்சு வச்சுட்டு பஸ் ஏறுங்க. பருப்பு நான் வேக வைக்கிறேன்."