மீசை கறுத்த படகு

துருக்கிக் கப்பல்கள் நங்கூரம் போட்ட இடம் வந்ததும் விஸ்டின் இயந்திரத்தை நிறுத்தினான். ஒன்பது பயணிகளும் கேமராக்களைத் தாழ்த்திவிட்டு அவனைப் பார்த்தார்கள்.

"ஆயிரத்து ஐந்நூத்து அறுபத்தஞ்சு. சுல்தானோட கடற்படை முழுக்க இந்தத் தண்ணியிலதான் நின்னுச்சு. அப்புறம் நெப்போலியனோட ஆளுங்க. அப்புறம் இத்தாலிக்காரன் குண்டு. யாரு மால்டாவுக்கு வந்தாலும் எங்க ஊர் வாசல்லதான் முதல்ல செருப்பைக் கழட்டுவான்."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தக் கடைசி வரி அவன் மனைவி கட்டரின் சொல்லிக் கொடுத்தது. "வருஷத்தையே ஒப்பிச்சிட்டிருந்தா தூங்கிடுவாங்க மனுஷா, நடுவுல ஒண்ணு போடு" என்பாள். அவள் போய் ஏழு வாரம் ஆகியிருந்தது.

மர்சஷ்லொக் விரிகுடாவில் வீட்டில் சாவு விழுந்தால் படகும் துக்கம் காக்கும். முகப்பில் வரைந்திருக்கும் இரண்டு கண்களையும் ஒட்டி வளைந்து ஓடும் மீசைப் பட்டையைக் கறுப்பாக்கிவிடுவார்கள். அதைப் பார்த்துவிட்டு எதிரே வரும் படகுக்காரன் தொப்பியைக் கழற்றுவான். விஸ்டினின் படகு மட்டும் இன்னும் பளீர் மஞ்சளாகவே ஓடிக்கொண்டிருந்தது. அடக்கத்துக்கு மறுநாளே சுற்றுலா அலுவலகத்து ஆள் வந்து, "சீசன் முடியட்டும் விஸ்டின். வர்றவங்க கலரைப் பாக்கத்தானே வர்றாங்க? விளம்பரத்துலயும் உன் படகுதான் இருக்கு" என்று தோளில் தட்டினான். விஸ்டின் தலையாட்டிவிட்டான். அன்று எதற்கெடுத்தாலும் தலையாட்டும் நிலையில்தான் இருந்தான். அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும், இன்றைக்கு அவனிடம் முடியாதென்று சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் கயிற்றை அவிழ்த்தான்.

டெலிமாராவின் வெள்ளைப் பாறைகளைச் சுற்றித் திரும்பியபோது, எதிரே ஒரு மீன்பிடிப் படகு வந்தது. நீல உடம்பு, பச்சை விளிம்பு. மீசை மட்டும் கறுப்பு.

நர்துவின் படகு.

விஸ்டின் வேகத்தைக் குறைத்தான். நர்து அவன் தம்பி. விரிகுடாவின் அந்தக் கரையில், பிர்செபுஜாவில் குடியிருக்கிறான். பேச்சு நின்று பன்னிரண்டு வருடம். அப்பாவின் படகில் பெஞ்சு அடித்துப் பயணிகளை ஏற்றிய அன்று, "அப்பாவுக்கு முகச்சாயம் பூசி வேடிக்கை காட்டுறியா?" என்று கரையில் பத்துப் பேர் முன்னால் கேட்டான். "என் வீட்ல எழவு விழுந்தாலும் நீ வாசப்படி மிதிக்காதே" என்று விஸ்டினும் கத்தினான். நர்து மிதிக்கவில்லை. கட்டரினின் அடக்கத்தன்று கோயிலுக்குள்ளும் வரவில்லை.

'யார் போனது? மெலிட்டாவா? பிள்ளையா?' நர்துவின் மனைவியையும் மகனையும் தவிர அந்த வீட்டில் வேறு யாருமில்லை.

"அந்தப் படகுல மட்டும் ஏன் கறுப்பு?" வைக்கோல் தொப்பி போட்ட வயதான பெண்மணி கேட்டாள்.

விஸ்டின் வழக்கத்தைச் சொன்னான். குரல் எங்கோ தூரத்திலிருந்து வருவது போல் அவனுக்கே கேட்டது.

"எவ்வளவு அழகான மரியாதை!" என்றாள் அவள். பிறகு மஞ்சள் முகப்பை எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "நல்லவேளை, உங்க வீட்ல யாருக்கும் ஒண்ணும் ஆகல."

"இல்ல" என்றான் விஸ்டின். "ஆகல."

வாயிலிருந்து சொல் போன பிறகுதான் அது காதில் விழுந்தது. மீதித் தூரம் முழுக்க அவன் ஒரு கதையும் சொல்லவில்லை. பயணிகள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

கரையில் அவர்களை இறக்கியதும், பிற்பகல் சவாரிக்கு ஆள் வரிசையில் நிற்பதைப் பார்த்தும் பார்க்காதவன்போல், படகை அக்கரைக்குத் திருப்பினான். சாவு வீட்டுக்குப் போக அழைப்பு வேண்டியதில்லை. சண்டையும் குறுக்கே நிற்காது. அது அப்பா காலத்துச் சட்டம்.

நர்து படகுத்துறையில் உட்கார்ந்து தூண்டில் முட்களைக் கூடையில் வரிசையாகக் குத்திக்கொண்டிருந்தான். தலை நரைத்திருந்தது. அண்ணனைப் பார்த்தும் எழவில்லை.

"சர்க்கஸ் வழி தவறி வந்திருச்சு போல" என்றான்.

விஸ்டின் அதைக் காதில் வாங்கவில்லை. "யாருடா? பையனா?"

"என்ன பையன்?"

"கேக்குறேன்ல, யாருடா போனது?"

அதற்குள் வீட்டுக் கதவு திறந்தது. மெலிட்டா கறுப்பு உடையில் வாசலுக்கு வந்தாள். அவளுக்குப் பின்னாலிருந்து, "அம்மா, ரொட்டி எங்கே?" என்று மகனின் தடித்த குரல் கேட்டது. விஸ்டின் கயிறு கட்டும் கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டான்.

"எல்லாரும் இருக்கீங்களேடா. அப்ப அது யாருக்கு?"

நர்து கையிலிருந்த முள்ளைக் கூடையில் குத்தினான். "கட்டரினுக்கு."

கூடையைத் தள்ளி வைத்தான்.

"அன்னிக்குக் கோயிலுக்கு வெளியே மரத்தடியில நின்னேன். படி மிதிக்காதேன்னு சொல்லியிருந்தியே. ஒரு வாரம் பாத்தேன். ஆறு வாரம் பாத்தேன். உன் படகு மஞ்சளாவே போச்சு, வந்துச்சு. நம்ம வீட்டுப் பொம்பளை போயிருக்கா, நம்ம வீட்ல ஒரு படகாவது அழ வேணாமா? நான் பூசிட்டேன்."

"வர்றவன் போறவன்லாம் என் சாவுக்குத்தான் துக்கம் விசாரிச்சான் அத்தான்" என்றாள் மெலிட்டா. "கடைக்குப் போனா என்னைத் தொட்டுப் பாக்குறாங்க." சிரிக்கத்தான் சொன்னாள். முடிக்கும்போது கண் நிறைந்திருந்தது.

விஸ்டின் தலை நிமிரவில்லை. "இன்னிக்கு ஒரு அம்மா கேட்டாங்கடா. உங்க வீட்ல யாருக்கும் ஒண்ணும் ஆகலையேன்னு. ஆகலைன்னு சொல்லிட்டேன். முப்பத்தோரு வருஷம் என்கூட இருந்தவளை, ஒண்ணுமே ஆகலைன்னு."

நர்து வாயெடுத்தான். அவனிடம் அதற்கு ஒரு குத்தலான பதில் தயாராக இருந்ததை முகமே காட்டியது. அண்ணனின் தோள்கள் குலுங்குவதைக் கண்டதும் அதை விழுங்கிவிட்டு எழுந்து உள்ளே போனான். பாதி தீர்ந்த கறுப்பு வண்ண டப்பாவோடும் இரண்டு தூரிகைகளோடும் திரும்பி வந்தான்.

"இடது பக்கம் உனக்கு. எனக்குத் தோள்பட்டை வலி, அந்தப் பக்கம் எட்டாது."

படகைக் கரையோரம் இழுத்துக் கட்டினார்கள். விஸ்டினின் கைபேசி இரண்டு முறை அடித்தது. மூன்றாம் முறை எடுத்தான்.

"ஆளுங்க வெயில்ல நிக்கிறாங்க, எங்கய்யா இருக்கே?" அலுவலகத்து ஆள்தான்.

"என் மனைவி இறந்துட்டா" என்றான் விஸ்டின்.

"அது... எனக்குத் தெரியுமே விஸ்டின்."

"தெரியும். படகுல கறுப்பு பூசிட்டிருக்கேன். நாளையிலிருந்து இப்படித்தான் வரும். வேண்டாம்னா வேற படகு பாத்துக்கோங்க." பதிலுக்குக் காத்திராமல் கைபேசியைப் பைக்குள் போட்டான்.

மஞ்சளின் மேல் கறுப்பு முதல் பூச்சில் ஒட்டாமல் திட்டுத்திட்டாக நின்றது. இரண்டாவது பூச்சுப் பூச வேண்டியிருந்தது. அது காயும்வரை மெலிட்டா கொண்டுவந்த காபியை வைத்துக்கொண்டு அண்ணனும் தம்பியும் துறையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"கடைசியில ரொம்பக் கஷ்டப்பட்டாளா?" நர்து தண்ணீரைப் பார்த்தபடி கேட்டான்.

தினமும் மூன்று வேளை, முன்பின் தெரியாதவர்களுக்கு நானூறு வருடக் கதையைச் சொல்கிறவன் விஸ்டின். ஏழு வாரத்துக்கு முந்தைய இந்தக் கதையை அவனிடம் யாரும் கேட்டதில்லை. காபியை ஒரு மிடறு குடித்தான்.

"புதன்கிழமை சாயங்காலம் காய்ச்சல் வந்துச்சு" என்று ஆரம்பித்தான்.