வேறு ஏதாவது உதவி தேவையா?

1

இணையம் வரவில்லை என்று சேவை மையத்துக்குப் போன் செய்ததில் கிடைத்த கதை இது. எடுத்த பெண் பொறுமையாகச் சரிசெய்து கொடுத்துவிட்டு, “அழைத்ததற்கு நன்றி. வேறு ஏதாவது உதவி தேவையா?” என்றாள். நாள் முழுக்க ஊருக்கெல்லாம் நன்றி சொல்கிறவளுக்கு வீட்டுக்குப் போகும்போது கொஞ்சமாவது மிச்சம் இருக்குமா? இணையம் வந்துவிட்டது, இந்தச் சந்தேகம் மட்டும் போகவில்லை.

2

முதல் தொடக்கம்: நன்றி என்பது மனித மனத்தின் ஆகச் சிறந்த

(வேண்டாம். எனக்கே கொட்டாவி வருகிறது.)

இரண்டாவது: அவளுடைய நாத்தனார் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள்.

இது தேவலை. இந்த நாத்தனார், போனில் பேசிய பெண்ணுடைய கணவனின் அக்கா. இவள் வேலைக்குப் போக வேண்டும் என்பதற்காகத் தன் வேலையை விட்டுவிட்டு, குழந்தையைப் பார்த்துக்கொண்டவள். இப்போது அவளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கிறது. டாக்சி வந்துகொண்டிருக்கிறது. அதற்குள் இவள் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் ஆயுசுக்கும் உறுத்தும்.

(நாத்தனாரைக் கொஞ்சம் கொடுமைக்காரி ஆக்கலாமா என்று யோசித்தேன். கதைகளில் நாத்தனார்கள் பட்டது போதும்.)

3

அறை வாசலில் நின்று தொண்டையைச் செருமினாள்.

“அண்ணி...”

“சொல்லு.”

“இவ்வளவு நாள் எங்களோட இருந்ததுக்கு நன்றி. வேறு ஏதாவது உதவி தேவையா?”

ஆபீஸ் குரல். அதே ஏற்ற இறக்கம், கடைசியில் அதே குழைவு. பழக்கதோஷத்தில் வாய் தன்பாட்டுக்கு ஓடிவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

நாத்தனாரின் முகம் வாடி

(அடித்துவிட்டேன். அவள் அப்படிப்பட்டவள் இல்லை.)

“தேவைதான் மேடம். இந்த ஜிப் மூட மாட்டேங்குது. ரொம்ப நேரமா லைன்ல காத்திருக்கேன்.”

“உங்க சிரமத்துக்கு வருந்துறோம்,” என்று சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது.

“அழுதா ஜிப் மூடுமா? ஏறி உக்காரு.”

ஏறி உட்கார்ந்தாள். குழந்தையும் ஓடிவந்து அவள் மடியில் ஏறிக்கொண்டது. ஜிப் மூடிக்கொண்டது.

4

கட்டிப்பிடித்து அழுவதாக முடிக்கலாம். (அழுதாகிவிட்டதே.) நாத்தனார் பயணத்தையே ரத்து செய்வதாக முடிக்கலாம். (அது அநியாயம். அவளுக்கு அந்த வேலை வேண்டும்.)

டாக்சி ஹாரன் அடிக்கிறது. இவள் இன்னும் பெட்டி மேல்தான் உட்கார்ந்திருக்கிறாள். எழுந்துவிட்டால் அண்ணி போய்விடுவாள். அதற்குள் சொந்தக் குரலில் சொல்ல வேண்டும். அந்தக் குரலை நான் கேட்டதில்லை. போனில் எனக்குக் கிடைத்தது ஆபீஸ் குரல்தான்.

அதனால் அந்த ஒரு வரியை நீங்கள்தான் தர வேண்டும். உங்களுக்காக எதையோ விட்டுக்கொடுத்தவர் பக்கத்து அறையில் இருப்பார். போய்ச் சொல்லிப் பாருங்கள். திக்கித் திணறி எப்படி வருகிறதோ, அப்படியே இங்கே வைத்துவிடலாம்.

அதுவரை டாக்சிக்காரரிடம் நான் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.