ஒரு நாள் காய்ச்சல்

ஆஸ்பத்திரிப் படுக்கைவிரிப்பை ஒருத்தியாக மடிக்க முடியாது. அந்த முனைக்கு ஒருத்தி, இந்த முனைக்கு ஒருத்தி நின்று, உதறி, இழுத்து, நடந்து வந்து முனைகளைச் சேர்க்க வேண்டும். இயந்திரத்தில் காய்ந்து வரும் துணி விரலைச் சுடும். ஏழு வருடமாக இதே சலவைக்கூடத்தில் இதே வேலையைச் செய்கிற பாப்பாவின் அம்மாவுக்கு இப்போது சூடு அவ்வளவாக உறைப்பதில்லை.

"பின்வாசல்ல ஒரு டீச்சர் உன்னைத் தேடிக்கிட்டு நிக்குது," என்றாள் தண்ணீர் குடித்துவிட்டு வந்த எதிர்முனை அக்கா. "இந்த வயசுல உன்னையும் பள்ளிக்கூடத்துல சேக்கப் போறாங்களோ என்னவோ."

சிரித்துக்கொண்டே போனவள் டீச்சரின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள். "பாப்பாவுக்கு என்ன ஆச்சு டீச்சர்?"

"ஒண்ணும் ஆகலைக்கா. நல்லாத்தான் இருக்கா." டீச்சருக்கு இருபத்தைந்து வயது இருந்தால் அதிகம். ஸ்கூட்டரை விட்டு இறங்காமல், ஹெல்மெட் வாரைத் திருகிக்கொண்டே பேசினாள். "புதன்கிழமை பரிட்சை. அன்னைக்கு ஒரு நாள் மட்டும் அவளுக்குக் காய்ச்சல்னு வீட்ல வச்சுக்குங்கக்கா."

"அவளுக்குத்தான் காய்ச்சல் இல்லையே?"

டீச்சர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் கொட்டினாள். மூன்றாம் வகுப்பில் நாலு பிரிவு. எந்தப் பிரிவின் சராசரி கடைசியோ, அந்த டீச்சருக்கு அடுத்த வருடம் ஒப்பந்தம் கிடையாது. வராத பிள்ளைகளைச் சராசரியில் சேர்ப்பதில்லை. பாப்பாவுக்குப் பதில் தெரியும். ஆனால் ஒரு மணி நேரத்தில் ஏழு கேள்வியைத் தாண்ட மாட்டாள்.

"மார்க் குறைஞ்சா, படிப்பு வராதுன்னு ஒதுக்குற பிள்ளைங்களைப் போடுற கடைசி ரூமுக்கு அவளைத் தள்ளிடுவாங்கக்கா. அங்க போன பிள்ளை ஒண்ணுகூடத் திரும்பி வந்து நான் பாத்ததில்லை."

ஒப்பந்தம் என்றால் என்ன என்று பாப்பாவின் அம்மாவுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அவளுக்கும் வருடா வருடம் அந்தப் பயம்தான். அந்தப் பெண்ணின் கண் கலங்கியதும் சரி என்று தலையாட்டிவிட்டாள். ஆட்டிய பிறகுதான் தப்புப் பண்ணிவிட்டோமோ என்று பட்டது.

ஏனென்றால் பாப்பா அந்தப் பரிட்சைக்காகக் கொள்ளை ஆசையோடு காத்திருந்தாள். இரண்டு வாரமாகப் பல் தேய்க்கும்போதும் வாய்ப்பாடுதான். நுரையோடு ஏழாம் வாய்ப்பாட்டைச் சொல்லிச் சட்டையெல்லாம் துப்பிவைத்தாள். "தனித்தனி பெஞ்சாம்மா. கேள்வித்தாள்ல என் பேரை அச்சடிச்சே குடுப்பாங்களாம்!" என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொன்னாள்.

புதன்கிழமை, கூப்பிடாமலே எழுந்து சீருடை போட்டு நின்றது பிள்ளை. அம்மா அதன் நெற்றியில் கை வைத்தாள். சில்லென்றிருந்தது.

"உடம்பு சுடுது. இன்னைக்குப் போக வேண்டாம்."

"எனக்கு ஒண்ணும் பண்ணலையேம்மா. இன்னொரு தடவை தொட்டுப் பாரு."

இன்னொரு தடவை தொட்டாள். "சுடுதுடி கண்ணு."

அம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும். பாப்பா சீருடையைக் கழற்றாமலே படுத்துக்கொண்டாள். அம்மாவும் வேலைக்குப் போகாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பத்து மணிக்கு, "இப்ப பேப்பர் குடுத்திருப்பாங்க," என்றது பிள்ளை. கொஞ்ச நேரம் கழித்து, "என் பேர் போட்ட பேப்பரை என்ன பண்ணுவாங்கம்மா?" என்று கேட்டது. அம்மா அடுப்பில் ஏதோ வேலை இருப்பதுபோல எழுந்து போனாள்.

சாயங்காலம் பக்கத்து வீட்டுச் சிறுமியிடம் கேள்வித்தாளை வாங்கி வந்து, பழைய நோட்டில் ஐந்து மணிக்கு ஆரம்பித்தாள் பாப்பா. ஒரு கணக்கைப் போடுவாள், அழிப்பாள், ரப்பர் தூளை ஊதுவாள், மறுபடி போடுவாள். ஏழரைக்கு நிமிர்ந்தாள். நாள் முழுக்க விரிப்புகளை எண்ணிக் கூட்டுகிற அம்மாவுக்கு அந்தக் கணக்கெல்லாம் அத்துப்படி. இருபதில் பதினெட்டு சரி. அந்த நோட்டை எடுத்துக்கொண்டு ஓடி யாரிடமாவது காட்ட வேண்டும் என்று அவளுக்கு அப்படி ஒரு தவிப்பு. யாரிடம் போய்க் காட்டுவது? பிள்ளையைக் கட்டிக்கொண்டு உச்சியில் முத்தம் கொடுத்தாள்.

அடுத்த வாரம் அவள் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழையும்போதே பாப்பா பாய்ந்து வந்தாள். சீருடையில் தங்கக் கலரில் ஒரு நட்சத்திர ஸ்டிக்கர்.

"நாங்கதாம்மா ஃபர்ஸ்ட்! எல்லாருக்கும் ஸ்டார் குடுத்தாங்க. எனக்கும் குடுத்தாங்க. நான் எழுதலையே டீச்சர்னு சொன்னேன். நீயும் உதவி பண்ணியிருக்கேன்னு டீச்சரே ஒட்டிவிட்டாங்க."

அம்மா வேலைச் சட்டையைக்கூட மாற்றாமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பாப்பா கொஞ்சம் யோசித்தாள்.

"ஆனா எனக்குக் காய்ச்சல் அடிச்சதே எனக்குத் தெரியலை. நீதானேம்மா தொட்டுப் பாத்துக் கண்டுபிடிச்ச?"

கிழிந்துவிடாமல் நகத்தால் மெதுவாக அந்த நட்சத்திரத்தை உரித்து, அம்மாவின் சட்டையில் நெஞ்சுப் பக்கமாக ஒட்டினாள். வியர்வையில் நனைந்த துணியில் அது சரியாக ஒட்டவில்லை. பிடித்துக்கொள்ளட்டும் என்று உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே நின்றாள்.