சனி பார்க்க ஒரு சின்னத் தொலைநோக்கி

பூரணம் புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் சிவானந்தன் அடுப்படி வாசலில் நின்று, மூன்றாம் நாளாக அதே கேள்வியைக் கேட்டார்.

"நீளமானதோ, குட்டையானதோ? ஒரு சொல்லுச் சொல்லும்."

"தூக்கிக்கொண்டு திரியப் போறது நீங்கள். என்னட்டை ஏன் கேக்கிறியள்?"

"பாக்கப் போறது ரெண்டு பேருமெல்லே?"

"முதல்லை தேங்காயைத் திருவித் தாங்கோ. கெமாஸ் ஒரு இடமும் ஓடாது."

அவர் தேங்காய் திருவிக் கொடுத்தார். சாப்பிட்டார். எஸ்டேட் லாரியில் தம்பின் ஸ்டேஷனுக்குப் போய் ரயில் ஏறினார். கெமாசில் அவருடைய சிநேகிதர் அமிர்தலிங்கம் ரயில்வே குமாஸ்தா. அவரிடம் இரண்டு பழைய கைத்தொலைநோக்கிகள் விலைக்கு வந்திருந்தன. நேரில் பார்த்து ஒன்றை எடுப்பதாக ஏற்பாடு. ரயில் கெமாசுக்குப் போய்ச் சேரவில்லை. இடையில் யாரோ தண்டவாளத்தைக் கழற்றி வைத்திருந்தார்கள். முதல் இரண்டு பெட்டிகளில் இருந்தவர்களில் யாரும் மிஞ்சவில்லை. சிவானந்தன் இரண்டாவதில் இருந்தார்.

அது மலாயாவில் காட்டுக்குள்ளிருந்த கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலத்தின் நாலாவது வருஷம், மாசி மாதம்.

வீட்டில் ஏற்கெனவே ஒரு பெரிய தொலைநோக்கி இருந்தது. சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரத் துரை, எஸ்டேட் கணக்கெழுதும் கிராணியாரான சிவானந்தனுக்கு விட்டுப்போனது. ஆளுயரம், முக்காலியோடு சேர்த்து இரண்டு ஆள் சுமை. அவர் குழலைத் தூக்குவார், பூரணம் முக்காலியைத் தூக்குவாள், இருவருமாகத் தொழிலாளர் லயத்துக்கு அப்பால் பந்து விளையாடும் திடலுக்குப் போவார்கள். பிறகு எஸ்டேட்டைச் சுற்றி முள்கம்பி வந்தது. திடல் கம்பிக்கு வெளியே போயிற்று. வேலியோரம் ஏழு மணிக்கு விளக்குகள் எரியத் தொடங்கினால் பின்வளவு கல்யாண வீடு மாதிரி வெளிச்சமாகிவிடும். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு நாலடி இருட்டு, விறகுக் கொட்டிலுக்குப் பின்னால் இன்னொரு நாலடி. முன்னதில் நின்றால் கிழக்கு தெரியும், பின்னதில் நின்றால் மேற்கு. அந்த இருட்டுகளுக்குள் முக்காலி விரிக்க இடமில்லை. அதனால்தான் கையில் எடுத்துப் போகக்கூடிய இன்னொன்று வேண்டுமென்று அவர் அலைந்தார்.

எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் பூரணம் படிப்பித்ததால் அவளை வீட்டை விட்டுப் போகச் சொல்லவில்லை. முப்பத்தோராம் நாள் காரியம் கழிந்து ஒருநாள் மாலை, பெரியதைத் தனியே வெளியே கொண்டுவரப் பார்த்தாள். முக்காலி கைநழுவிச் சீமெந்தில் விழுந்த சத்தத்துக்குக் காவல் கோபுரத்து விளக்கு அவள் மேல் திரும்பியது.

"யாரது? அசையாத!"

மேலே நின்றது ஸ்பெஷல் கான்ஸ்டபிள் நல்லசாமி, அவளிடம் படித்த பிள்ளையின் தகப்பன். இறங்கி ஓடிவந்தான்.

"என்னாம்மா நீங்க! நீட்டமா எதையும் தூக்கிக்கிட்டு நடக்காதீங்கம்மா. மேலேருந்து பாத்தா எல்லாமே துப்பாக்கியாட்டம்தான் இருக்கு."

அவனே முக்காலியை உள்ளே வைத்துவிட்டுப் போனான். பூரணம் அதை ஒரு படுக்கை விரிப்பால் மூடினாள்.

மூடியது போதாது என்றாள் தாயம்மா. காலையில் ரப்பர் பால் வெட்டிவிட்டு மாலையில் இந்த வீட்டுத் துணி துவைக்க வருபவள்.

"அதை யார்கிட்டயாச்சும் குடுத்துத் தொலைங்கம்மா. ஐயா தினமும் சனியை உத்து உத்துப் பாத்தாரு. நாங்கள்லாம் கோயில்லகூட அந்தப் பக்கம் தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போறோம். இவரு கண்ணாடி போட்டுல்ல பாத்தாரு! அது ஒரு நாள் திரும்பிப் பாத்திருச்சு."

லயம் முழுக்க அதைத்தான் பேசியது என்று பூரணத்துக்குத் தெரியும். அவளுக்கு அதில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் முக்காலி விழுந்த அன்றிலிருந்து அவள் வானத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. நம்பிக்கை இல்லாதவள் ஏன் பார்க்கவில்லை என்று தன்னையே கேட்டுக்கொண்டாள்.

வைகாசியில் அமிர்தலிங்கம் கித்தான் பையோடு வந்தார். இரவு, எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெசர் வீட்டில் தங்கல்.

"அவருக்கெண்டு வச்சது, அக்கா. வேறை ஆருக்கும் குடுக்க மனம் வரேல்லை. ஒண்டை எடுங்கோ. அவரெண்டால் கட்டாயம் நீளமானதைத்தான் எடுத்திருப்பார்."

பித்தளையில் நீளமானது நாலு இழுப்பாக நீளும், முழுக்க இழுத்தால் இரண்டு முழம் வரும். குட்டையானது பட்டாளத்துக் கழிவு, தோல் சுற்றியது, ஒரு முழம்கூட இல்லை.

"கேட்டால் பதில் தெரியாது, பாத்தால்தான் தெரியும்," என்றாள் பூரணம்.

இருட்டியதும் இருவரும் தொட்டிக்குப் பின்னால் போனார்கள். தாயம்மா துணியைப் பிழிவதுபோல் பாசாங்கு செய்துகொண்டு தொடர்ந்து வந்தாள். பூரணம் அதற்கு முன்பே கோபுரத்தை நோக்கி, "நல்லசாமி, நான்தான்! தொலைநோக்கி ஒண்டு பாத்து எடுக்கப் போறன்!" என்று குரல் கொடுத்தாள். "சரிங்கம்மா, சின்னதாப் பாத்து எடுங்க!" என்று மேலிருந்து பதில் வந்தது.

முதலில் நீளமானது. சனி கண்ணாடிக்குள் வந்தது, வளையத்தோடு வந்தது, உடனே ஓடிப்போனது. குழலின் நுனி அவள் மூச்சுக்கெல்லாம் ஆடியது. தொட்டியில் சாய்த்துப் பார்த்தாள், தோளில் வைத்துப் பார்த்தாள். அமிர்தலிங்கம் நுனியைப் பிடித்துக்கொண்டபோதுதான் நின்றது.

"இப்ப வடிவாத் தெரியுதோ?"

"தெரியுது. நாளைக்கு ஆர் பிடிக்கிறது?"

அவர் நுனியிலிருந்து கையை எடுத்தார்.

குட்டையானதை எடுத்தாள். துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, முதுகைத் தொட்டியில் சாய்த்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டாள். சனி வந்து நின்றது. வளையம் இல்லை. இரு பக்கமும் கொஞ்சம் இழுபட்டு, ஒரு நெல்மணி போல இருந்தது. அவள் நெடுநேரம் பார்த்தாள். கை வலிக்கவில்லை. பயமும் வரவில்லை. அழுகை வந்தது, சத்தமில்லாமல் கொஞ்சம். கண்ணாடி நனைந்ததும் முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள்.

"இதிலை வளையம் தெரியாது, அக்கா. யோசிச்சுச் சொல்லுங்கோ. அவருக்கு வளையமெண்டால் உயிர்."

"அவருக்குத்தான். நான் தனியத் தூக்கி, தனியப் பிடிச்சுப் பாக்கவேணும். இதுதான் எனக்கு."

அமிர்தலிங்கம் நீளமானதை ஒவ்வொரு இழுப்பாக உள்ளே தள்ளிப் பையில் வைத்தார்.

தாயம்மா ஈரத்துணியைத் தோளில் போட்டபடி பக்கத்தில் நின்றாள்.

"நீயும் பாக்கிறியோ?"

"ஐயய்யோ, நானா! எம் மவளுக்கு இப்பத்தான் கல்யாணம் கூடி வருது." சொல்லிவிட்டு ஒரு அடி கிட்ட வந்தாள். "ஒரு கண்ணாலதானே? முழுசாப் பாத்ததா ஆவாதில்ல?"

பூரணம் அவளைக் கல்லில் உட்காரவைத்துக் குழலைப் பிடித்துக் காட்டினாள். தாயம்மா வாயைத் திறந்தபடி பார்த்தாள்.

"இதுவா சனி? இம்புட்டுத்தானா? அட, இது பாட்டுக்கு எங்கயோ கெடக்கு. நம்மளைப் பாக்கவே இல்லையேம்மா!"

சனி அப்போது சித்திரை நட்சத்திரத்துக்குச் சற்று மேற்கே இருந்தது. அது சூரியனை ஒருமுறை சுற்றி மறுபடி அதே இடத்துக்கு வர இருபத்தொன்பதரை வருஷம். பூரணம் குழலை வாங்கித் தன் கண்ணில் வைத்துக்கொண்டாள்.