முன் சீட்டு

"அவர் இல்லைங்க," என்றாள் அம்மா.

கடைக்குப் போயிருக்கிறார் என்பதுபோலத்தான் சொன்னாள். கல்லூரியின் உதவித்தொகை அலுவலகத்தில் எங்கள் எதிரே இருந்த மேடம் தட்டச்சு செய்வதை நிறுத்தி, குரலைத் தாழ்த்தி, "எப்போ தவறினாரு?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. தவறியவர் கீழே வாசலில் டாக்ஸியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு வருஷம் ஆச்சுங்க."

அம்மா பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை. டாக்டர்களின் கோட்டுப் பையில் பேனா கிடந்தால்கூட மாடியேறிப் போய்க் கொடுத்துவிட்டு வருகிறவள். என் மதிப்பெண்ணை நான் கொஞ்சம் ஏற்றிச் சொன்னால், பக்கத்து வீட்டுக்காரி முன்னாலேயே திருத்தி மானத்தை வாங்குவாள். அவள்தான் இப்போது கண் இமைக்காமல் கணவனைக் கொன்றுகொண்டிருந்தாள். வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்ற பெண்மணி, அப்பா இல்லாத பிள்ளைகளுக்கு முழுக் கட்டணமும் கிடைக்கிறது, மற்றவர்களுக்குப் பாதிதான் என்று சொல்லிவிட்டுப் போனாள். பாதியை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்ய? மீதியைக் கட்டாவிட்டால் திங்கட்கிழமை என் இடம் வேறு யாருக்கோ போய்விடும். அதைக் கேட்டதும் அம்மாவின் முகம் ஒரு மாதிரி ஆனது. பசி போல என்று நினைத்தேன். மடச்சி நான்.

மேடம் ஒரு தாளை அச்செடுத்து என் பக்கம் நகர்த்தினார். "நல்லாப் படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடும்மா."

பையைத் துழாவினேன். மூக்குக் கண்ணாடி இல்லை. வண்டியில் வைத்துவிட்டு வந்திருந்தேன். கண் தெரியாததற்காக வாழ்க்கையில் முதல் தடவையாகச் சந்தோஷப்பட்டேன்.

"கண்ணாடி இல்ல மேடம். நாளைக்கு வர்றோமே?"

அம்மா மேசைக்கு அடியில் என் தொடையைக் கிள்ளினாள். "எங்க போடணும்னு நான் காட்டறேன். போடு."

"படிக்காம போடக் கூடாதும்மா," என்றார் மேடம்.

பின்னால் யாரோ செருமினார்கள். அப்பா. வெள்ளை யூனிஃபார்ம் சட்டை, தொப்பி, கையில் என் கண்ணாடிக் கூடு. எவ்வளவு நேரமாக அங்கே நிற்கிறார் என்று தெரியவில்லை. அம்மாவின் கை என் கையைப் பிடித்தது.

"நீங்க யாரு?" என்றார் மேடம்.

எல்லாம் போச்சு என்று நினைத்தேன். வண்டியில் ஏறுகிற ஒருவரையும் விடாமல் "எம் பொண்ணு காலேஜ் போறா சார்" என்று தம்பட்டம் அடிக்கிற மனிதர். அம்மாவை ஒரு பார்வை பார்த்தார். தொப்பியைக் கழற்றினார்.

"டாக்ஸி டிரைவருங்க." கூட்டை என் முன்னால் வைத்தார். "வண்டியிலயே விட்டுட்டு வந்துட்டீங்க, பாப்பா."

கழுதை என்பார், ராஜாத்தி என்பார். என்னை அவர் 'நீங்க' என்று சொல்லிக் கேட்டதே இல்லை. கண்ணாடியை மாட்டினேன். தந்தை: காலமானார். எழுத்து பளிச்சென்று தெரிந்தது. போட்டேன் கையெழுத்து.

"முழுசாக் கிடைச்சிடும். இறப்புச் சான்றிதழ் மட்டும் வெள்ளிக்கிழமைக்குள்ள கொடுத்துடுங்க," என்றார் மேடம். சாப்பாட்டுக்குக் கிளம்பியவர் எங்களோடு வாசல் வரை வந்தார். தங்கமான மனுஷி. எங்கள் வண்டியின் பின் கதவைத் தானே திறந்துவிட்டார். எப்போதும் அப்பாவுக்குப் பக்கத்தில் முன் சீட்டில் உட்காருகிற நான் அம்மாவோடு பின்னால் ஏறினேன். மேடம் டிரைவர் பக்கம் குனிந்தார்.

"பாத்து ஓட்டுங்க. அப்பா இல்லாத பொண்ணு."

"சரிங்கம்மா," என்றார் அப்பா.

வண்டி தெருவைத் தாண்டியது. பிறகு அம்மா அழ ஆரம்பித்தாள். "ஏதாவது திட்டுங்களேன். அந்த வார்த்தை எப்படி வாயில வந்துச்சுன்னே தெரியலங்க."

அவர் திட்டவில்லை. வளைவு திரும்பியதும் வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

"எப்போக்குள்ள கேட்டாங்க?"

"என்னதுப்பா?"

"என் சர்டிபிகேட்டு."

"வெள்ளிக்கிழமைப்பா."

பயணி இடம் சொன்னதும் ஆட்டுவதுபோலத் தலையை ஆட்டினார். பிறகு வழக்கம்போலத் துண்டை எடுத்து முன் சீட்டைத் தட்டித் துடைத்தார். எட்டி, அந்தப் பக்கக் கதவைத் திறந்துவிட்டார்.

"வாடி, கழுதை. முன்னாடி வந்து உக்காரு."

என்னால் எழுந்திருக்க முடியவில்லை. பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. கதவு திறந்தே கிடந்தது.