தட்டில் நின்ற பொன்

இடுப்பு நிமிரவில்லை. ஆறு வாரமாகப் பனித்தண்ணீரில் குந்தி மண் கழுவினால் எவன் இடுப்பு நிமிரும்? வயிற்றிலும் ஒன்றுமில்லை. கலிபோர்னியாவின் அந்த ஆற்றங்கரையில் எனக்கும் கூட்டாளி ஜேபஸுக்கும் சொத்து இரண்டுதான். ஒரு குழி, ஒரு இரும்புத் தட்டு.

எங்கள் கரையில் யாரும் நலம் விசாரிப்பதில்லை. “பேன் அவுட் ஆச்சா?” என்றுதான் கேட்பார்கள். பேன் என்றால் தட்டு. மண்ணெல்லாம் அலசிப் போனபின் தட்டில் பொன் நின்றதா என்று கேள்வி. எங்களுக்கு ஒருநாளும் நின்றதில்லை.

சனிக்கிழமை உச்சிப்பொழுதுக்குள் பொன் காணாவிட்டால், ஒரு மூட்டை மாவுக்குக் குழியைப் பக்கத்துக் குழிக்காரன் க்ரோஃபுட்டிடம் விடுவதாக வாக்குக் கொடுத்திருந்தோம். பசி அப்படி. அந்தச் சனிக்கிழமை அவன் காலையிலேயே மூட்டையோடு வந்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டான்.

“ஜேபஸு, ரொட்டி சுடப் பழகிக்கோ. மண்ணு கழுவுறது உனக்கு வரல.”

“எந்திரிடா, எங்க மாவு நசுங்குது,” என்றான் ஜேபஸ்.

துணி வெளுக்கும் ரோசெந்தா அந்தப் பக்கம் வந்தாள். சிலி நாட்டுக்காரி. அவள் அப்பனும் பாட்டனும் பொன் அரித்தவர்கள். எங்கள் தட்டை எடுத்து மோந்து பார்த்தாள்.

“இதுலயா பன்னிக்கறி வறுக்கிறீங்க?”

“வேற எதுல வறுக்க? இருக்கிறதே ஒண்ணு,” என்றேன்.

“அட மடப்பயலுகளா! கொழுப்பு ஒட்டுன தட்டுல பொன்தூளு நிக்குமா? தண்ணியோட மிதந்து போயிரும். ஆறு வாரமா ஆத்துக்குத் தானம் பண்ணிருக்கீங்க!”

தட்டைப் பிடுங்கித் தன் வெள்ளாவி அடுப்பில் போட்டாள். சிவக்கக் காய்ச்சி, ஆற வைத்து, என் கையில் திணித்தாள். உச்சிக்கு இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. மண்ணை அள்ளிச் சுழற்றினேன். கல் போனது. மணல் போனது. கடைசியில் கருமணல், அதன் ஓரத்தில் மஞ்சளாய் ஒரு கோடு. சாய்த்துப் பார்த்தேன். நகரவில்லை.

“ஆச்சுடா! பேன் அவுட் ஆச்சு!” ஜேபஸ் போட்ட சத்தத்தில் கரையே எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. க்ரோஃபுட் மூட்டையைத் தோளில் ஏற்றினான்.

“இறக்கி வை சாமி,” என்றான் ஜேபஸ். “இனிமே பொன்னு குடுத்தே மாவு வாங்குவோம்!”

அதற்கப்புறம் ரொட்டி உப்பினாலும், பெண் சம்மதித்தாலும் எங்கள் கரையில் ‘பேன் அவுட் ஆச்சு’ என்ற அதே பேச்சுதான். இன்று பட்டணத்தில் தட்டையே காணாத வக்கீலும் தன் வழக்கு ‘பேன் அவுட்’ ஆகுமா என்கிறான். சொல்லட்டும். அது எங்கள் இடுப்பு வலியில் பிறந்த சொல்.

அன்று கறி வறுக்க ரோசெந்தாவிடம் வறுவல் சட்டி ஒன்று இரவல் வாங்கினோம். அதை இன்னும் திருப்பித் தரவில்லை.