முதலில் ஏறிய லாரி

சட்டை தொலைந்து போயிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். அது எங்கே இருக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும், அதுதான் வயிற்றெரிச்சல். கப்பலின் அடித்தட்டில், முப்பத்தாறு லாரிகளுக்கு அந்தப் பக்கம், ஏழாம் நம்பர் லாரியின் டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டில் மடித்து வைத்தபடி இருந்தது. அதன் பையில் என் மனைவி கண்மணியும் பிள்ளையும் சிங்கப்பூர் வருவதற்கான பெர்மிட்.

இரண்டு வருஷம் நாயாய் அலைந்து வாங்கியது. இந்த மாதக் கடைசிக்குள் அவர்கள் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறாவிட்டால் அது வெறும் காகிதம். மறுபடி மனுப் போட்டால் பிள்ளைக்கு வயது கூடிவிட்டது என்று கையை விரித்துவிடுவார்கள். சிராங்கூன் ரோட்டில் எட்டுப் பேர் படுக்கும் அறையில் அதை வைக்க மனமில்லை. உறையில் போட்டு, முகவரி எழுதி, வேலை முடிந்ததும் தபாலில் சேர்க்கலாம் என்று செம்பவாங் கடற்படைத் தளத்துக்கே எடுத்து வந்தேன். பெரிய புத்திசாலி என்று நினைப்பு.

லாரிகளைச் சங்கிலியால் கப்பல் தட்டோடு இறுக்கிக் கட்டுவது எங்கள் வேலை. அடியில் புகுந்தால் உடம்பெல்லாம் கிரீஸ். அதனால் சட்டையைக் கழற்றி, கடைசியாக ஏறப்போகும் லாரியில் வைப்போம். அது ஏறும்போது எடுத்துக்கொள்ளலாம். இந்தக் கப்பலில் எல்லாம் தலைகீழ். முதலில் கரையிறங்க வேண்டியது கடைசியில் ஏறும். பக்கவாட்டில் தொங்கும் படகுகளில் பட்டாளம் பாதி இறங்கும். கப்பலின் முகப்பிலுள்ள மூக்குக் கதவு திறந்து சாய்பலகை மணலில் விழுந்ததும் லாரிகள் ஓடும். நாங்கள் சோறு தின்னப் போன நேரத்தில் எந்தத் துரைக்கு என்ன தோன்றியதோ, பட்டியலை மாற்றிவிட்டான். ஏழாம் நம்பர் கடைசியில் இறங்கினால் போதுமாம். முதல் ஆளாக உள்ளே அனுப்பிவிட்டார்கள்.

அதைக் கட்டியதும் நான்தான். மல்லாந்து படுத்துச் சங்கிலி முறுக்குகிறவனுக்கு லாரியின் வயிறுதான் தெரியும், கதவில் எழுதிய நம்பர் எங்கே தெரிகிறது? கடைசி லாரி ஏறும்போது ஆவலோடு எட்டிப் பார்த்தேன். அது முப்பத்தொன்று.

எங்களை மேய்க்கும் மண்டோர் சுப்பிரமணியத்திடம் ஓடினேன்.

"ஏழா? அது மொதல்லயே உள்ள போயிருச்சே."

"அண்ணே, என் பெர்மிட் அதுல இருக்குண்ணே."

"அதுக்கு? முப்பத்தாறு லாரிய வெளிய எடுக்கவா? நாலு மணிக்குக் கப்பல் கெளம்புது லா. லாபுவான் தீவுல எறக்குனதும் திருப்பி அனுப்பச் சொல்றேன்."

"மாசக் கடைசிக்குள்ள வந்துருமா?"

அவர் பட்டியலில் எதையோ டிக் அடித்தார்.

என்னோடு சங்கிலி கட்டும் ஜலாலுதீன்தான் காதருகே வந்தான். "அடியாலயே தவழ்ந்து போ, சேது. கதவ மூட இன்னும் கால் மணி நேரம் இருக்கு."

போனேன். நான் கட்டிய சங்கிலிகளே முழங்காலையும் முதுகையும் பிய்த்தன. சுவர்களுக்கு அந்தப் பக்கம் அடுக்குப் படுக்கைகளில் பட்டாளத்துப் பையன்கள் சிரிக்கும் சத்தம். ஏழாம் நம்பருக்கும் பக்கத்து லாரிக்கும் நடுவே ஒருக்களித்து எழுந்து நின்றேன். கதவு பூட்டியிருந்தது. கண்ணாடியும் ஏற்றியிருந்தது. உள்ளே சட்டை. பையிலிருந்து உறை பாதி நீட்டிக்கொண்டிருந்தது. கண்மணி என்றும் அதன் கீழே பிள்ளையின் பெயரும் நானே குண்டு குண்டாக எழுதிய எழுத்து.

சங்கிலி முறுக்கும் இரும்புக் கம்பி கையில் இருந்தது. பட்டாளத்துச் சொத்தை உடைத்தால் அன்றைக்கே சீட்டுக் கிழியும். எனக்கு இங்கே வேலை இருக்கிறது என்று எழுதிக் கொடுத்ததால்தான் அந்தப் பெர்மிட்டே கிடைத்தது. நான் யாரிடம் போய் முட்டிக்கொள்வது? ஆத்திரத்தில் சங்கிலியை ஓர் உதை விட்டேன். அசையவில்லை. நல்ல கட்டு.

தூரத்தில் மோட்டார் உறுமியது. மூக்குக் கதவுகள் நகரத் தொடங்கின.

"சேது, வெளிய வந்துருடா," என்று ஜலாலுதீன் கத்தினான்.

கண்ணாடியில் கிடந்த வெளிச்சம் ஓரமாக ஒதுங்கி மெலிந்துகொண்டே வந்தது. பிள்ளையின் பெயர் மறைந்துவிட்டது, கண்மணியின் பெயர் பாதி தெரிந்தது. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, சத்தம் கேட்காதபடி கம்பியின் முனையில் இரண்டு சுற்றுச் சுற்றினேன்.